நாலு மணிக்கு மேல் நிற்கிறவள்

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்மார்ட் கிளாஸ் உண்டா என்று கேட்பவர்கள், கழிப்பறையை எட்டிப் பார்ப்பவர்கள், மிஸ் இங்கிலீஷில் பேசுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பள்ளிக்கூடத்துக்குள் காலே வைக்காமல், எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்றே பள்ளிக்கூடம் தேடியவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் எழுதுகிற விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு முறை கூசிப்போனவள். யாழினி அம்மா என்று வைத்துக்கொள்வோம். நான் அவளைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

கரிக்கலாம்பாக்கத்தில் மனை வாங்கி நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, மனை போட்ட அந்தப் புது நகரில் மொத்தமே நாலு வீடு. மற்றதெல்லாம் நட்டுவைத்த கல்லும் முள்ளுச்செடியும். முகப்பில் வளைவு மட்டும் கோயில் வாசல் மாதிரி பெரிதாகக் கட்டியிருந்தார்கள். முந்தின வருஷம் வரை நெல் விளைந்த மண். மழை பெய்தால் தவளைகள் படுக்கையறை வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஷிப்ட். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், செத்தாலும் எட்டு மணி நேரத்துக்குத் தகவல் சொல்ல முடியாது. மாமியார் சோரியாங்குப்பத்தில். மாதம் ஒருமுறை வந்து குறை சொல்லிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நான், மூன்றரை வயசு கவின், டிவி. பேச ஆளில்லாமல் நான் மிக்ஸியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

எதிரே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரெண்டு அறை வீட்டுக்கு அவள் குடிவந்தாள். கூட யாழினி. ஆம்பிளை யாரும் வரவில்லை. "அவரு வெளியூரா?" என்று நான் நைசாகக் கேட்டதற்கு, "அவரு வரமாட்டாருக்கா" என்றாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பால் பாக்கெட் தீர்ந்துபோச்சு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஊதுபத்தி அட்டைப் பெட்டி ஒட்டுவது அவள் வேலை. பாகூரிலிருந்து ஒருவர் வண்டியில் அட்டைக் கட்டு கொண்டுவந்து போடுவார், ஒட்டி அடுக்கி வைத்தால் எடுத்துக்கொண்டு போவார். விரலெல்லாம் பசை காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பேசும்போதெல்லாம் அதை உரித்துக்கொண்டே இருப்பாள். என் வீட்டு கேட் வரை வருவாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுவாள். உள்ளே வா என்றால், "இருக்கட்டும்கா, பாப்பா தனியா கீது" என்பாள். பாப்பா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும்.

தை பிறந்ததும் எல்.கே.ஜி. பேச்சு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் தனியார் பள்ளிக்கூடம் என்றால் அதற்கு ஒரு சாமியும் உண்டு. மடத்து டிரஸ்ட் நடத்துகிற ஸ்கூல் ஒன்று, வாசலில் ஆளுயரச் சரஸ்வதி, காலையில் ஸ்லோகம். ஒரு பாஸ்டர் தன் வீட்டு மாடியில் ஆரம்பித்துக் கீழ்த்தளம் வரை இறங்கி வந்துவிட்ட ஸ்கூல் ஒன்று. வில்லியனூர் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பழைய ஸ்கூல் ஒன்று. மாமியார் சரஸ்வதி கட்சி. "புள்ள நெத்தியில துன்னூறு இல்லாம வூட்டுக்கு வந்தா நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார். வீட்டுக்காரர் கன்னியாஸ்திரி கட்சி. ஒழுக்கமும் இங்கிலீஷும் அங்கேதான் இருக்கிறதாம். இவர் படித்தது கவர்மென்ட் ஸ்கூல், ஒழுக்கத்துக்கு என்ன குறை என்று நான் கேட்கவில்லை.

நான் ஸ்கூட்டியில் கிளம்பினால் அவளும் பின்னால் ஏறிக்கொள்வாள், நடுவில் ரெண்டு பிள்ளைகள். நான் உள்ளே போய் நோட்டீஸ் வாங்கி, ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து, தலைமையாசிரியையோடு பேசிவிட்டு வருவேன். அவள் எதிர்ச்சாரியில் நிற்பாள். வந்து விவரம் சொன்னால் கேட்டுக்கொண்டு, "நீங்க போங்கக்கா. நான் பஸ்சுல வந்துக்கறேன்" என்பாள். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தால், இன்னா திமிரு என்று நினைத்தேன்.

"இங்க நின்னுகினு இன்னாதான் பண்ணுவ?"

"ஸ்கூல் வுடறப்போ பாக்கணும்கா."

"என்னத்த பாக்கற?"

"எல்லாப் புள்ளையும் போயிடும்ல. கடசியா ஒரு புள்ள நிக்கும். அதுங்கூட யாரு நிக்கிறாங்கன்னு பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் நகரவில்லை.

சரஸ்வதி ஸ்கூல் அவளிடம் தேறவில்லை. மஞ்சள் வேன்கள் எல்லாம் போன பிறகு ஒரு பையன் மிச்சம் இருந்தானாம். வாட்ச்மேன் அவனை வெளியே கல்லில் குந்தவைத்து, கேட்டைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம். "நல்ல மனுசன்தான்கா, பையனுக்கு ரெண்டு பிஸ்கட் குடுத்துட்டுத்தான் போனாரு. ஆனா போயிட்டாரு" என்றாள். பாஸ்டர் ஸ்கூலைப் பற்றி அவள் குறை சொல்லவே தயங்கினாள். பாஸ்டர் அம்மா கடைசிப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே நின்றார்களாம், பாட்டுகூடப் பாடினார்களாம். அப்புறம் பைக்கில் ஒருவன் வந்து பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான், சிரித்த முகத்தோடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"மாமனாத்தான் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்கா. ஆனா கேட்டா குடுத்துட்டாங்களே."

கன்னியாஸ்திரிகள் ஸ்கூலில் மூன்று நாள் நின்றாள். மூன்றாம் நாள் என் வீட்டு கேட்டுக்கு ஓடிவந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வயசான சிஸ்டர் ஒருவர் கடைசிப் பையனுக்குக் குடை பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றிருக்கிறார். சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் வந்திருக்கிறான். சிஸ்டர் பையனைக் கையில் பிடித்தபடியே உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து பார்த்திருக்கிறார். நோட்டில் பேர் இல்லை. அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். அவன் கண்டபடி கத்தியிருக்கிறான். சிஸ்டர் அசையவில்லை.

"தெருவே வேடிக்க பாக்குதுக்கா. அந்தம்மா குடைய மடக்கி அக்குள்ல வச்சிகினு அப்படியே நிக்குது. அப்பறம் அவங்கம்மா வந்துதான் கூட்டினு போச்சு. இங்கதாங்கா."

"ஏசு ஸ்கூல் ஆச்சே, உனக்குப் பரவால்லியா?" என்று மாமியார் குரலில் கேட்டுப் பார்த்தேன்.

"எந்தச் சாமியா இருந்தா இன்னாக்கா. நாலு மணிக்கு மேல எந்தச் சாமி நிக்குதுன்னுதான் பாக்கணும்."

அன்றைக்குத்தான் அவள் தன்னைப் பற்றிச் சொன்னாள். கேட் கம்பியில் சாய்ந்து, பசையை உரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா இல்லாத பிள்ளை. அத்தை கொண்டுபோய் ஒரு ஹாஸ்டலில் விட்டாள். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பார்க்க வருவார்கள். முறுக்கு, புதுக் கம்மல், தம்பி தங்கை என்று ஹாஸ்டல் அமளிப்படும். இவள் தலை சீவி, பவுடர் போட்டு, கேட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருப்பாள். அத்தை முதல் மாதம் மட்டும் வந்தாள்.

"அப்புறம் எதுக்குடி பவுடர் போட்டுகினு குந்தியிருந்த?"

"வந்தா தேடுவாங்கல்லக்கா." கட்டைவிரல் பசையை உரித்துப் போட்டாள். "ஆறு வருசம் குந்தினு இருந்தேன். யாராவது பக்கத்துல வந்து சும்மா நின்னிருந்தா போதும். வார்டனம்மா சன்னல்லேர்ந்து பாக்கும். மணி அடிச்சா உள்ள வான்னு சொல்லும். நிக்க மட்டும் யாரும் வரல."

காபி போடட்டுமா என்று கேட்டேன். அவள் எப்போதும் போல இருக்கட்டும்கா என்றாள்.

கவினையும் அந்த ஸ்கூலிலேயே சேர்க்க முடிவு செய்தோம். மாமியாரிடம், வீட்டில் துன்னூறு வைத்து அனுப்பினால் சிஸ்டர் அழிக்க மாட்டார் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்காரர் தன் கட்சி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். உண்மையில் அவள் வெயிலில் நின்று கண்டுபிடித்ததை நான் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சேர்க்கைப் படிவம் நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. பெற்றோர் தவிர பிள்ளையை அழைத்துப் போக அனுமதி உள்ள இன்னொருவர், அவர் பெயர், அவர் செல் நம்பர். நான் யோசிக்காமல் என் கொழுந்தன் பெயரை எழுதினேன். அன்று சாயங்காலம் அவள் வந்தாள். படிவம் கசங்கக் கூடாது என்று ஊதுபத்தி பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"அக்கா, இந்தக் கட்டத்துல உங்க பேரப் போட்டுக்கட்டுமா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கவரைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு கீரைக்கட்டுகூட என்னிடம் இரவல் கேட்டவள் இல்லை. நான் உடனே சரி என்றிருக்க வேண்டும். ஆனால் மாமியார் சொன்னது மண்டைக்குள் ஓடியது. "அவ யாரு எவருன்னு தெரியாது. நாளைக்கு அந்த ஆம்பள வந்து புள்ள எங்கன்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும்." வம்பு எதற்கு என்று எனக்கும் பட்டது.

"இவரக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சரிக்கா. கேட்டுட்டே சொல்லுங்க."

நான் கேட்கவில்லை. அவர் அன்று ராத்திரி ஷிப்ட், மறுநாள் தூக்கம் என்று காரணங்கள் இருந்தன. உண்மை என்னவென்றால், கேட்டால் அவர் போட்டுக்கொள் என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

படிவம் கொடுக்கிற நாளில் நானும் அவளும் சிஸ்டரின் மேஜைக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அதே குடை சிஸ்டர்தான். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவள் படிவத்தைப் படித்துக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"இங்கயும் உங்க பேருதான் எழுதியிருக்கீங்க."

"ஆமா சிஸ்டர்."

"நம்பரும் அதே நம்பர்."

"ஆமா சிஸ்டர்."

"நீங்க வரமுடியலன்னா யாரு வருவாங்கன்னு கேக்கறோம்மா."

"நாந்தான் சிஸ்டர் வருவேன்."

யாழினி அவள் மடியில் உட்கார்ந்து மேஜைமேல் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் சீட் இல்லை என்று வெளியே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவள் உரிக்கப் பசை இல்லாமல் நகத்தை உரித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கவினுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டேன். லேஸ் அவிழவே இல்லை. அவிழ்த்துத்தான் கட்டினேன்.

சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு பென்சிலால் ஓரத்தில் ஏதோ எழுதிவிட்டு, ஜூன்ல கூட்டிட்டு வாங்க என்றார்.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. மூன்றரைக்கே கேட் பக்கம் போய்விடுவாள். யாழினி வந்த பிறகும் உடனே கிளம்ப மாட்டாள், கடைசிப் பிள்ளை போகிற வரை நிற்பாள். சிஸ்டர் உள்ளே, இவள் வெளியே, நடுவில் யாரோ பெற்ற பிள்ளை. "உம் புள்ளதான் வந்துடுச்சே, கெளம்பேன்" என்பேன். "தோ, அது போகட்டும்கா" என்பாள். எனக்கு வண்டி இருந்தது, வீட்டில் வேலை இருந்தது. போய்விடுவேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. பதினொரு மணிக்கே எங்கள் தெரு ஏரியாகிவிட்டது. பிள்ளைகளை வந்து கூட்டிப் போங்கள் என்று ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. எதிர் வீடு பூட்டியிருந்தது. அட்டைக் கட்டு நனைந்துவிட்டதென்று காலையிலேயே அவள் பாகூருக்குப் பஸ் ஏறியிருந்தாள். போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அது ஒரு பழைய போன், நனைந்திருக்கும்.

ரெயின்கோட்டோடு ஸ்கூட்டியை உருட்டாத குறையாக நான் போய்ச் சேர்ந்தேன். வராந்தாவில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். கவின் ஓடிவந்தான். யாழினி என்னைப் பார்த்ததும் பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு வந்தது. நானும் கையைப் பிடித்தேன்.

"சிஸ்டர், நான் எதிர் வீடு. இவளையும் கூட்டிட்டுப் போயிடறேன்."

சிஸ்டருக்கு என்னைத் தெரியும். தினம் பார்க்கிற முகம். இருந்தும் நோட்டை எடுத்தார், பக்கத்தைத் திருப்பினார், கண்ணாடியை இறக்கினார்.

"உங்க பேரு இல்லையேம்மா."

"உங்களுக்குத் தெரியாதா சிஸ்டர் என்ன?"

"தெரியும்மா. பேரு இல்லையே" என்றார். குரலில் கண்டிப்புகூட இல்லை. யாழினியின் கையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

நான் அங்கேயே இருந்திருக்கலாம். வராந்தாவில் பெஞ்ச் இருந்தது. கூட்டிப்போகத்தான் பேர் வேண்டும், கூட உட்கார என்ன வேண்டும்? ஆனால் கவின் நனைந்திருந்தான், மாமியார் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கிளம்பிவிட்டேன். வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன். யாழினி மாட்டிய பையைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் கவின், "யாழினி ஏம்மா வரல, யாழினி ஏம்மா வரல" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வாயை மூடுடா என்று கத்தினேன்.

ரோட்டுக்கு மேல் தண்ணீர் போனதால் பஸ் பாதியிலேயே திரும்பிவிட்டதாம். அவள் மீதி வழியை நடந்தே வந்திருக்கிறாள். முழங்கால் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. மற்ற எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். சிஸ்டரும் யாழினியும் படியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்களாம்.

மறுநாள் காலையில் அவளே கேட்டுக்கு வந்தாள். காலெல்லாம் கீறல்.

"நேத்து நீங்க பாப்பாவக் கேட்டீங்களாமேக்கா. சிஸ்டரு சொன்னாங்க."

"கேட்டேன். குடுக்கமாட்டேன்னுட்டாங்க."

"குடுக்க மாட்டாங்கக்கா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை. தன் பள்ளிக்கூடம் பரீட்சையில் தேறிவிட்ட பெருமை. ஒரு சொல்லாலும் என்னைக் குத்திக் காட்டவில்லை. குத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

"என் பேர எழுதிடலாம் வா. இன்னிக்கே போயி எழுதிடலாம்" என்றேன்.

"எழுதியாச்சுக்கா. சிஸ்டரே அவங்க பேர எழுதிக்கினாங்க. அன்னிக்கே பென்சில்ல எழுதி வச்சிருந்தாங்களாம். நேத்து அதும்மேல பேனாவால எழுதினாங்க."

உள்ளே வா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ என்றேன். இருக்கட்டும்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சித்திரையில் அவள் ஸ்கூலுக்குப் பின் தெருவிலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். எதிர் வீட்டுக்கு அப்புறம் யாரும் வரவில்லை. ஜன்னல் கம்பியில் அவள் துடைத்த பசை அப்படியே காய்ந்து கிடக்கிறது. எங்கள் நகரில் இப்போது பதினோரு வீடு. எல்லாரும் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறோம்.

வீட்டுக்காரருக்குப் போன வருஷம் ஒசூருக்கு மாற்றல். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறார். கொழுந்தன் துபாயில். மாமியாருக்கு முட்டி போய்விட்டது, சோரியாங்குப்பத்தை விட்டு நகர்வதில்லை. கவின் ரெண்டாவது போகிறான். ஸ்கூலில் வருஷா வருஷம் படிவம் புதிதாக நிரப்பச் சொல்வார்கள். இந்த ஜூனில் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. துபாயில் இருப்பவன் பெயரை எழுதுவதா? அப்போதுதான் உறைத்தது. எனக்கும் அந்தக் கட்டத்தில் ஆள் கிடையாது, இருக்கிறதைப் போல இத்தனை வருஷம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பொய் எழுதவில்லை. வேறு யாரும் இல்லை என்பதைத்தான் தன் பேராக ரெண்டு தடவை எழுதியிருந்தாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல யாரும் வீட்டில் இல்லை.

படிவம் நாலு நாள் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. ஐந்தாம் நாள் அவள் நம்பருக்குப் போன் போட்டேன். மாற்றியிருப்பாள் என்று பாதி ஆசையாகவே இருந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா! கவினு நல்லா கீறானா?"

நல்லா இருக்கான் என்றேன். யாழினியைக் கேட்டேன். மழையைப் பற்றி ஏதோ பேசினேன். பின்னால் அட்டை மடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

"கவின் ஃபாரத்துல... அந்தக் கட்டத்துல உன் பேரப் போட்டுக்கட்டுமா?"

அட்டைச் சத்தம் நின்றது. அவள் யோசிக்கிறாள் என்று நினைத்தேன். யோசிக்கட்டும், யாரையாவது கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லட்டும், எனக்கு அது வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"போட்டுக்கங்கக்கா" என்றாள். "எப்படியும் நான் அங்கதான நிக்கறேன். எனக்கு யாரக் கேக்கணும்?"

அவள் பெயரைக் கட்டத்தில் எழுதினேன். நம்பரை ரெண்டு தடவை சரிபார்த்தேன்.